சிவப்புக் கோடு

இனிமேல் கச்சிரா கையில் துப்பாக்கி கொடுக்கக் கூடாது என்று முதலாளி பிராம் ஐயா சொன்னபோது, பொய் எதற்கு, எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

பழி என் பக்கம் வரவில்லையே.

எங்கள் வேட்டைப் பண்ணையில் இறைச்சிக்குச் சுடுகிறவர் கச்சிரா அண்ணன். துப்பாக்கிகளைத் துடைத்து, குறி பார்க்கும் ஸ்கோப்பைத் திருகுகளால் மாட்டி இறுக்கித் தருவது நான். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு எங்கள் ஊர் காமன்யாப் பக்கம் வேறு என்ன வேலை கிடைக்கும்? சேர்க்கும்போதே ஐயா சொல்லிவிட்டார், ஒரு தப்பு நடந்தாலும் அன்றைக்கே மூட்டையைக் கட்டிக்கொள் என்று. வீட்டில் ஐந்து பேர் சாப்பிடுவது என் சம்பளத்தில்.

அன்று அண்ணன் சுட்ட குண்டு குடு மானின் நெஞ்சில் படவில்லை. பின்னங்காலில் பட்டது. அது முட்காட்டுக்குள் ஓடிவிட்டது. ரத்தத்தடம் பார்த்தே நாள் முழுக்க நடந்து, சாயங்காலம்தான் கிட்டத்தில் போய் முடித்தார். பதினோரு வருஷத்தில் இப்படி ஆனதில்லை.

ஐயா முதலில் ஸ்கோப்பைத்தான் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. திருகுகளின் மேல் சிவப்புக் கோடும் நேராக இருந்தது. இறுக்கி முடித்ததும் திருகுத் தலையிலிருந்து ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையம் வரைக்கும் என் நகப் பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிடுவேன். திருகு துளி திரும்பினாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

“பொண்ணு வேலை சுத்தமா இருக்கு. உனக்கு என்ன ஆச்சு?” என்றார் ஐயா.

“கை ஆடிருச்சுங்க.”

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து வேலிக்கம்பி கட்டப் போகச் சொல்லிவிட்டார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். “கண்ணாடி வாங்கிப் போடுங்கண்ணே, அடுத்தது ஐயாவோட மாட்டைச் சுட்டுடப் போறீங்க” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

காலையில் அந்தத் துப்பாக்கியை மேசையில் வைத்துத் துடைத்தேன். துணியில் சிவப்பு ஒட்டியது.

காய்ந்த நகப் பாலிஷ் துணியில் ஒட்டாது. முகர்ந்து பார்த்தேன். வெண்ணெய், புகை. அண்ணனின் மனைவி உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் செம்மண் வெண்ணெய். அந்த வீட்டில் பாயிலிருந்து பால்குடுவை வரைக்கும் அந்த வாசனைதான். காட்டிலிருந்து வரும் வழியில்தான் அவர் வீடு.

செம்மண்ணுக்கு அடியில் என்னுடைய கோடு இருந்தது. நான்கு திருகில் இரண்டின் கோடு முழுசாக. இரண்டு முறிந்து, கோணிப்போய்.

அப்போதுதான் உறைத்தது. முன் இரண்டு திருகுகளை அளவாக இறுக்கும் டார்க் ரெஞ்ச் போட்டு, ‘டக்’ கேட்கும் வரைக்கும் இறுக்கினேன். அதற்குள் போன் வந்தது. பின் இரண்டையும் விரலால் திருகிவிட்டு, அப்புறம் இறுக்கலாம் என்று பேசிக்கொண்டே கோட்டை மட்டும் போட்டேன். அந்த ‘அப்புறம்’ வரவேயில்லை.

வேலிக்கு ஓடினேன். அண்ணன் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். கையெல்லாம் கீறல்.

துணியைக் காட்டினேன். பார்த்துவிட்டு எல்லாம் சொன்னார். ஸ்கோப் ஆடியதைக் குண்டு தவறினதுமே கண்டுபிடித்திருக்கிறார். அங்கேயே இறுக்கி, வரும் வழியில் வீட்டுச் செம்மண்ணால் முறிந்த கோட்டை மூடியிருக்கிறார். சுடுவதற்கு முன் தானும் ஒருதரம் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

“ஏண்ணே?” என்றேன்.

“உவேரி, எனக்குப் பதினோரு வருஷப் பேரு இருக்கு. ஒரு தப்பைத் தாங்கும். உனக்கு என்ன இருக்கு, நாலு மாசம்.”

அழுதுவிட்டேன். எனக்காக இவ்வளவு செய்தவர் யாரும் இல்லை. நானோ அவரைக் கண்ணாடி வாங்கச் சொல்லிச் சிரிக்க வைத்திருந்தேன்.

“மூக்கைச் சிந்தினது போதும். போ, அந்த ரெண்டையும் டக் வரைக்கும் இறுக்கு. உன் பாலிஷைத் திறந்து கோட்டைப் புதுசாப் போடு. வாயை மட்டும் திறக்காத.”

போனேன். இரண்டையும் ‘டக்’ வரைக்கும் இறுக்கினேன். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நேராக ஐயா அறைக்குப் போய், அவர் மேசைமேல் வைத்தேன்.

பாலிஷைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தேன்.