ஈரக் கழிவை நீக்கிய காரணம்

அறையில் இருந்தவர்கள் நான், என் தம்பி வயிரவன், என் மருமகள் தேனம்மை. அரிசி ஆலைகளுக்கு எங்கள் குடும்பம் விற்கும் பில் மென்பொருளில், ஈர நெல்லுக்கு எடை கழிக்கும் நிரல் வரியை எழுதியவன் நான். அதைத் தேனம்மை நீக்கியிருந்தாள். நிரலில் செய்யும் எந்த மாற்றத்தோடும் காரணம் சொல்லும் ஒரு குறிப்பு சேர்க்க வேண்டும்; நான் ‘திருத்தம்’ என்று மட்டுமே எழுதுவேன். மூத்தவன் செய்ததற்கு விளக்கம் எதற்கு? அவளோ ஒரு பத்தியே எழுதியிருந்தாள். தம்பி அதை வாய்விட்டுப் படித்தான்: “ஆலைகளின் புதிய தராசே ஈரத்தைக் கழித்துவிடுகிறது. நாமும் கழித்தால் விவசாயிக்கு இரட்டை நஷ்டம். எழுதிய காலத்தில் இந்த வரி சரியாகவே இருந்தது.”

“என்னமா எழுதுது பாருங்கண்ணே! நீங்க எழுதறது தந்தி மாதிரில்ல இருக்கும்.”

என் குறிப்பு எதையும் அவன் வாய்விட்டுப் படித்ததில்லை.

“மாத்தினது சரி. அந்தக் கதையை எடுத்துடும்மா” என்றேன்.

“எடுத்தா, அந்த வரி விட்டுப்போச்சுன்னு நாளைக்கு யாராவது திரும்பச் சேர்த்துடுவாங்க மாமா.”

மாற்றத்தை ஏற்கும் உரிமை என்னிடம் இருந்தது. ஏற்றேன்.

பொறாமையில் அவள் குறிப்பை நான் அழித்துவிட்டதாக உறவில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். குறிப்பு ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்கிறது. எழுதியவர் என்ற இடத்தில் மட்டும் குடும்பத்தில் மூத்தவன் பெயர் இருக்கிறது. அதுதான் முறை.