மலை ஏறுமா ஜீப்?

நாற்பது வருஷத்து ஜீப்புக்குப் பெரிய டயர், பவர் ஸ்டீயரிங் என்று ஒவ்வொன்றாக மாற்றி, குழந்தை மாதிரி வைத்திருந்தார் கள்ளக்குறிச்சி பகலவன். விற்றால் அருமை தெரிந்தவருக்குத்தான் விற்பார். போன வாரம் மூட்டைகளோடு வந்தவர் மலைமேல் இருக்கும் கரியாலூர் வரை ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, கலர் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

இன்று வந்த பாவாடை என்பவர் விவரமானவர்.

“லோடோட மலை ஏறுமாங்க?”

பகலவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “இன்னாங்க இப்படிக் கேட்டுட்டீங்க? எத வேணா ஏத்துங்க, பாத்துடலாம்!”

பாவாடை ஒரு பீரோவையும் கட்டிலையும் கொண்டுவந்து ஏற்றினார். கரியாலூர் வரை ஒரு வளைவில்கூட ஜீப் திணறவில்லை.

“வண்டின்னா இதாங்க வண்டி!” என்று பாவாடை சொல்லச் சொல்ல, பகலவனுக்குத் தலைகால் புரியவில்லை. பாவாடை வீட்டு வாசலில் பீரோவின் ஒரு முனையைப் பகலவனே பிடித்து இறக்கினார்.

பாவாடையின் மனைவி வெளியே வந்தாள்.

“பீரோவ பஸ்சுல ஏத்த மாட்டாங்களே, எப்படிக் கொணாந்தீங்க?”

“பக்கத்து வூட்டு அண்ணன் போன வாரம் சிமெண்ட் மூட்டை கொணாந்தாரே, அதே மாதிரிதான். வண்டி வாங்கற மாதிரி பாத்துக்கினே வந்துட்டேன்.”

ரகசியமாகச் சொன்னதுதான், பீரோவின் மறுமுனை வரை கேட்டுவிட்டது.

அவள் முகமெல்லாம் சிரிப்பாகப் பகலவனைக் கும்பிட்டாள்.

“நாளைக்கு எங்க அண்ணன் வண்டி பாக்க வருவாருங்க. நாலு ஆடு ஏத்தணும், பின்சீட்டக் கழட்டி வெச்சிடுங்க!”