இலவச வேன் போஸ்டர்

லோசலினியின் போன் அன்றைக்கு நாலாவது தடவையாக அடித்தது.

"சார், ஒரே நிமிஷம்" என்று எழுந்தாள்.

"உக்காரு!" விலிமோனி சார் கத்தினார். "இங்க டிசைன் கிளாஸ் நடக்குதா, கால் சென்டர் நடக்குதா?"

சிரித்தோம். சிரிக்காவிட்டால் அடுத்த திட்டு நமக்குத்தான்.

வியாழக்கிழமையானால் எங்கள் வகுப்பில் அவரவர் செய்த வேலையைச் சுவரில் குத்திவைக்க வேண்டும். மற்றவர்கள் சுற்றி நின்று குறை சொல்வோம். லோசலினி ஒரு மாதமாக அரைகுறையாகத்தான் குத்துகிறாள். அன்றைக்கும் பாதித் தாள் காலி.

"ஆக்லாந்துல ஆறு மாசம் டிரெயினிங், கை நிறைய சம்பளம். மொத்த காலேஜுக்கும் ஒரே ஒரு இடம். போனாப் போகுதுன்னு உன் பேரை எழுதியிருக்கேன். இப்படியே ஆடினேன்னா சாயங்காலத்துக்குள்ள அந்தப் பேரை அடிச்சுடுவேன், ஆமா!"

முதல் வருஷத்திலிருந்தே ஆக்லாந்து ஆக்லாந்து என்று எங்கள் உயிரை வாங்குகிறவள் அவள். இப்போது அவள் கண் போனிலேயே இருந்தது.

போன் விடாமல் அடித்தது. சார் வெடுக்கென்று பிடுங்கினார்.

"யாரு, காதலனா? எல்லாரும் கேக்கட்டும்!" ஸ்பீக்கரைப் போட்டார்.

"அம்மாடி, ஆஸ்பத்திரி போக வேன் வருமா?" ஒரு கிழவரின் குரல். "வுனிந்தாவா கிராமத்துலேர்ந்து எப்பெலி பேசறேன். எனக்கு சக்கரை. கால் புண்ணு கறுத்துப் போச்சு. பஸ் ஏற முடியல. கடையில போஸ்டர் பாத்தேன்."

சாரின் கையில் இருந்த போனைப் பார்த்தே லோசலினி பேசினாள்.

"வரும் தாத்தா. வீட்லயே இருங்க. சர்ச் வேன் டிரைவருக்கு இப்பவே சொல்லிடறேன். மருந்துச் சீட்டை மறக்காம எடுத்துக்கோங்க."

"வினாக்கா, ரொம்ப நன்றி மகளே, நல்லா இரு!"



"இவரு எதுக்கு உன்னைக் கூப்பிடறாரு?" என்றார் சார்.



பதில் சுவரிலேயே கண்ணாடி போட்டுத் தொங்கியது. சர்ச்சுக்காக லோசலினி செய்த போஸ்டர். 'கால் புண்ணா? காத்திருக்காதீங்க. கூப்பிடுங்க, இலவச வேன் வரும்.' மலைக் கிராமம்வரை நானூறு ஒட்டியாச்சு. காலேஜுக்குப் பரிசும் வாங்கித் தந்தது. கீழே 'மேற்பார்வை: விலிமோனி' என்று இருக்கும். நிறத்தைப் புகழ்ந்தோம், எழுத்தைப் புகழ்ந்தோம். அதில் இருந்த நம்பரை ஒருத்தரும் படித்ததில்லை.

எங்கள் வகுப்பு அவினேஷ்தான் கிட்டே போய் அதைத் தன் போனில் அழுத்திப் பார்த்தான். சாரின் கையில் இருந்த போன் அடித்தது.

"அடிப்பாவி! உன் நம்பரையா போட்டு வச்சே?"

வேலை நடக்கும்போது, எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பார்க்க நாங்கள் எல்லோரும் சொந்த நம்பரைத்தான் போட்டுவைப்போம். கடைசியில் மாற்றிவிட வேண்டும்.

"அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எழுத்தெழுத்தா படிக்கணும்னு முதல் நாளே சொன்னேனா இல்லையா? நோயாளிங்க விஷயத்துல இப்படி ஒரு அலட்சியமா? உன்னை ஆக்லாந்துக்கு அனுப்பினா என் மானம்தான் கப்பலேறும்!"

"விடுங்க சார். ஆனது ஆயிடுச்சு" என்றாள் லோசலினி.

"எப்படி விடறது? நீ அனுப்பின ஃபைலை எல்லார் கண்ணு முன்னாடியும் காட்டறேன்." புரொஜெக்டரைப் போட்டுத் தன் மெயிலைத் திறந்தார்.

லோசலினி பதறிப்போய் எழுந்தாள். "வேண்டாம் சார். அப்புறமா தனியா பாத்துக்கலாம். ப்ளீஸ் சார்!"

"ஏன், இப்ப பயமா இருக்கா?"

அவள் பெயரைத் தட்டித் தேடினார். சுவர் முழுக்கப் பெரிதாகத் தெரிந்தது. போஸ்டரின் முதல் ஃபைல் வந்த மெயில் ஒன்று. அதற்கு மேலே இன்னும் மூன்று மெயில்கள், மூன்றும் தடித்த எழுத்தில். திறக்கவே இல்லை.

சார் அந்த மூன்றில் பழையதை முதலில் திறந்தார். பிப்ரவரி மாதத்து மெயில்.

'சார், சர்ச் நம்பரை மாத்திட்டேன். முன்னாடி அனுப்பினது வேண்டாம். இதை அச்சுக்கு அனுப்புங்க.'

அச்சுக்கு அனுப்பியது சார்தான். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. புரொஜெக்டரை அணைத்துவிடுவார் என்று நினைத்தேன். அணைக்கவில்லை. அடுத்ததையும் திறந்தார்.

'சார், பழைய ஃபைல் அச்சாயிடுச்சு. ஊர் ஊரா ஒட்டியும் முடிச்சுட்டாங்க. கிழிச்சா மறுபடி ஒட்ட ஆள் கிடையாது. வர்ற போனை நானே எடுத்து டிரைவருக்குச் சொல்லிக்கறேன். நீங்க கவலைப்படாதீங்க.'

மூன்றாவது முந்தின நாள் வந்தது.

'சார், ஆக்லாந்துக்கு என் பேரை எடுத்துட்டு அவினேஷை அனுப்புங்க. அங்க போனா இந்த போனை எடுக்க முடியாது. நம்பரை வேற யார்கிட்டயாவது குடுத்தா, எப்படி இப்படி ஆச்சுன்னு கேப்பாங்க. போஸ்டர்ல உங்க பேரு இருக்கு சார்.'