விரிசலில் தண்ணீர்

மார்புக்கடியில் கல் சில்லுகள் குத்தின. கதாஃபோ அவற்றை இடது கையால் ஒதுக்கித் தள்ளிவிட்டு மறுபடியும் குப்புறப் படுத்தான்.

விடிந்ததிலிருந்து அந்தக் கரும்பாறைத் திட்டில்தான் கிடக்கிறான். பாறை அடுப்பாகச் சுட்டது.

கீழே, நிலம் பிளந்த விரிசலின் அடியில், தண்ணீர்.

ஒரு நாள் நடைக்கு வேறு தண்ணீர் கிடையாது. இறங்குவதற்கு ஒற்றைப் பாதை. ஒரு ஒட்டகம் இறங்கினால் எதிரே இன்னொன்று ஏற முடியாது. இறங்குகிறவன் திட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

போன வருடம் தலைநகரத்திலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் வந்து இந்தத் திட்டை ஒரு மாதம் தூரிகையால் பெருக்கினார்கள். அஃபார் மண் இன்னும் பிளந்துகொண்டே இருக்கிறது, பிளந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது, பக்கத்திலேயே ஒளிந்துகொள்ளப் பாறையும் இருக்கிறது, அதனால்தான் ஆதி மனிதன் இங்கேயே தங்கினான் என்றார்கள். இந்தச் சில்லுகள் அவன் உடைத்தவையாம். தண்ணீருக்கு வரும் மிருகத்துக்காக இதே இடத்தில் குப்புறக் கிடந்து காத்திருந்தானாம்.

கதாஃபோ காத்திருந்தது ஹுமேதுக்காக.

அண்ணன் காஸ் செத்து நாற்பது நாள் ஆகிறது. தண்ணீர்க் கரையில், முகம் நீரில் பதிந்து, முதுகில் குண்டோடு கிடந்ததை இரண்டு குலத்து ஆட்களும் பார்த்தார்கள். சுட்டவன் விரிசலுக்கு அக்கரைக் குலத்து ஹுமேது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

கோடைத் தண்ணீருக்காக இரண்டு குலமும் அடித்துக்கொள்வது புதிதல்ல. ஆனால் குனிந்து குடிக்கிறவனை இதுவரை யாரும் சுட்டதில்லை. மழைக்குள் ஹுமேதின் உயிரை எடுத்தாக வேண்டும் என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்தார்கள். தம்பி என்பதால் துப்பாக்கி கதாஃபோவின் கைக்கு வந்தது.

உச்சி வெயிலில் ஹுமேது வந்தான். பெண் ஒட்டகம் ஒன்று, இரண்டு பக்கமும் காலித் தோற்பைகள்.

கதாஃபோ அவன் நெஞ்சுக்குக் குறி வைத்தான்.

பாதையில் காலை வைக்கும் முன் ஹுமேது நின்றான். கையிலிருந்த கோலைக் கீழே போட்டான். குந்தி உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் மண்ணில் ஊன்றிக்கொண்டு, திட்டை அண்ணாந்து பார்த்துக் கத்தினான்.

"மேல வறுபட்டுக் கெடக்கிறது கதாஃபோதானே? சேதி கேளுடா!"

கதாஃபோவின் விரல் நின்றுவிட்டது.

சேதி கேள் என்று ஒருவன் கூப்பிட்ட பிறகு எந்த அஃபார்க்காரனும் சுட மாட்டான். பகையாளியானாலும் முதலில் அவன் சேதியைக் கேட்க வேண்டும். பிறகு தன் சேதியைச் சொல்ல வேண்டும். சேதியில் பொய் கலக்கிறவனுக்கு அப்புறம் ஒரு குடிசையிலும் பால் கிடைக்காது.

"நான் இங்க இருக்கேன்னு எவன்டா சொன்னான் உனக்கு?"

"எவன் சொல்லணும்? ஒளியறதுக்கு அங்க இருக்கிறது ஒரே எடம். உங்கண்ணனும் அங்கதான் படுத்திருந்தான்."

காற்று ஒட்டகத்தின் பைகளை அசைத்தது.

"நாப்பது நாளைக்கு முன்னாடி என் பொண்டாட்டி ஹஸ்னா தண்ணி மொள்ளக் குனிஞ்சா. உங்கண்ணன் சுட்டான். குண்டு காதோரமா உரசிட்டுப் போச்சு. அவன் மறுபடி குறி பாக்கறதுக்குள்ள நான் சுட்டேன். இதான் சேதி."

பொய் என்று கதாஃபோ கத்தவில்லை.

"எங்கேருந்து சுட்ட?" என்றான்.

"உன் தலைக்கு மேல இன்னொரு திட்டு இருக்கு. கீழ படுக்கறவன் எவனும் மேல பாக்கறதில்ல. கண்ணு பூரா தண்ணி மேலதான்."

கதாஃபோ திரும்பவில்லை. பின்னால் எங்கோ உயரத்திலிருந்து ஒரு கூழாங்கல் உருண்டு வந்து அவன் காலருகே விழுந்தது.

"அசையாத. இப்ப அங்க ஹஸ்னா இருக்கா. அன்னையிலேருந்து அவளுக்குச் சுத்தமாக் காது கேக்காது. நீ கெஞ்சினாலும் ஒண்ணும் வெளங்காது. என் கை தலைக்கு மேல போனா சுட்டுருவா. அவ்ளோதான் அவளுக்குச் சொல்லியிருக்கேன்."

கதாஃபோ அந்தக் கைகளைப் பார்த்தான். விரல்கள் அகலமாக விரிந்து மண்ணைப் பற்றியிருந்தன. வியர்வை புருவத்திலிருந்து கண்ணில் இறங்கி எரிந்தது.

"நான் சொல்லிட்டேன். இப்ப உன் சேதியச் சொல்லு."

சேதி எதுவும் இல்லை என்று சொல்லிவிடலாம். அதுவும் பொய்தான்.

"அண்ணனை மொதல்ல பாத்தது நான்தான்," என்றான்.

"சத்தமா!"

"இந்தத் திட்டுலதான் செத்துக் கெடந்தான்! கையில துப்பாக்கியோட!" கதாஃபோவின் குரல் விரிசலுக்குள் போய் மோதித் திரும்பி வந்தது. "பொம்பளையைச் சுடப் படுத்திருந்தான்னு தெரிஞ்சா அவனுக்காக யார்டா பழி வாங்குவா? நான்தான் கால் ரெண்டையும் புடிச்சுக் கீழ இழுத்துட்டுப் போனேன். நான்தான் அவன் மூஞ்சியத் தண்ணியில வெச்சேன்."

ஹுமேது உள்ளங்கைகளை மண்ணிலேயே தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகு கைகளை உயர்த்தாமல், உடம்போடு ஒட்ட வைத்தபடி மெல்ல எழுந்தான்.

முதுகைக் காட்டிக்கொண்டு பாதையில் இறங்கினான். ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்டினான். பைகளை நிரப்பினான். மேலே ஏறி வந்தான். அவன் போகிற இடமெல்லாம் கதாஃபோவின் துப்பாக்கியும் கூடவே திரும்பியது. விரல்தான் மடங்கவில்லை.

கேட்ட சேதியை அடுத்துக் கண்ணில் படுகிறவனிடம் சொல்லியாக வேண்டும். தனக்குள் வைத்துக்கொள்ள வழக்கத்தில் இடமில்லை.

ஹுமேதின் குடிசை மேற்கே, உப்புச் சமவெளிப் பக்கம். அவன் ஒட்டகத்தைக் கிழக்கே திருப்பினான். கதாஃபோவின் அம்மா இருக்கும் பக்கம்.