ஒளித்து வைத்த பிழை

நாளை ஆங்கிலத் தேர்வு. பிற்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளைக் கரும்பலகையின் மேல் கோடு கோடாகச் சாய்த்து வைத்திருக்கிறது. அங்கே டீச்சர் எழுதிய நான்கு ஆங்கில வாக்கியங்கள்; ஒன்றில் மட்டும் வேண்டுமென்றே ஒரு பிழையை ஒளித்து வைத்திருக்கிறாள். "எதுல தப்பு இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, சாக்பீஸை விரல்களுக்குள் உருட்டியபடி நிற்கிறாள். மின்விசிறி கடகடக்கிறது. வேலை முடிந்து நேராக வகுப்புக்கு வந்திருக்கும் தையல்காரப் பெண் விரல் நுனியின் ஊசித் தழும்பைத் தடவிக்கொள்கிறாள். வரிக்கு வரி தாள் கிழியப் புள்ளி குத்துவதால் 'முற்றுப்புள்ளி' என்று பெயரெடுத்த டிரைவர் பலகையை முறைக்கிறார். பிறகு எல்லாத் தலைகளும் குனிகின்றன. பேனாக்கள் நான்கு வாக்கியங்களையும் அப்படியே நோட்டில் இறக்கிக்கொண்டு ஓடுகின்றன.

"என்ன எழுதுறீங்க? தப்பைத்தானே கேட்டேன்."

"நீங்க எழுதினதுல எப்படிங்க டீச்சர் தப்பு வரும்?" என்கிறார் முற்றுப்புள்ளி, யாரையோ காட்டிக்கொடுக்கச் சொன்னதுபோல் நெளிந்துகொண்டு.

டீச்சருக்குச் சிரிப்பு வருகிறது. நாமே காட்டிவிடலாம் என்று திரும்புகிறாள். காலையிலிருந்து பிழை திருத்தித் திருத்தியே தலை கிறுகிறுக்கிறது. முதல் வாக்கியம் சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவதை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறாள். நான்காவதை இரண்டு தடவை. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. இன்னொரு முறை படித்தால் எல்லாமே தப்பாகத் தெரிகிறது. தூக்கிய கை அப்படியே நிற்க, மணிக்கட்டில் சாக்பீஸ் தூள் உதிர்கிறது. மெல்ல டஸ்டரை எடுக்கிறாள்.

"அழிச்சிடாதீங்க டீச்சர்" என்று முதுகுக்குப் பின்னால் தையல்காரப் பெண் கெஞ்சுகிறாள். "இதை அப்படியே மனப்பாடம் பண்ணிட்டு வந்துடறோம்."