பேய் வராத வீடு

“பேய் எப்பதான்டி வரும்?”

கிண்டி தாண்டிவிட்டது. பேய் இன்னும் வரவில்லை.

மாலை ரயில். பெண்கள் பெட்டி. எதிரே பட்டாணி தின்றுகொண்டே கேட்டவள் ஜெயக்கொடி. ஜன்னலோரம் எஸ்தர். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள்.

மூன்றாமவள் கதை சொல்கிறவள்.

முன்பு நன்றாகத்தான் சொன்னாள். மாத நாவலில் படித்த பேயைத் தாம்பரம் வருவதற்குள் இவர்கள் மேல் ஏவிவிடுவாள். கத்துவார்கள். அவள் தோளில் அடிப்பார்கள். மறுநாள் அவளுக்கு இடம் பிடித்து வைத்திருப்பார்கள்.

நாள் முழுக்க அவள் பேச்சை யாராவது கேட்பது இங்கே மட்டும்தான்.

பிறகு தபாலில் எம்.ஏ. சேர்ந்தாள். ஆங்கில இலக்கியம். அதில் கோதிக் என்று ஒரு தாள். பாழடைந்த மாளிகை, புயல், அலறல். பேய்க்கதை படித்தால் மதிப்பெண் தருகிறார்கள் என்று குதித்தாள்.

அந்தத் தாள்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

இப்போது கதவு கிரீச்சிட்டால் அவளுக்கு நெஞ்சு அடைப்பதில்லை. வீடு யார் பேரில் இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. வெள்ளைப் புடவை வந்தால், அவளைக் கொன்றது யார். சாவி யாரிடம்.

பேய் ஒரு சாக்கு. வீட்டில் நடப்பதை நேராகச் சொல்ல முடியாதவர்கள் பேயை அனுப்பிவைத்தார்கள்.

தெரிந்துகொண்டதைத் தெரியாததாக்க முடியவில்லை. படித்தே தொலைத்திருக்கக் கூடாது.

இன்றும் கதையைப் பாதியில் விட்டுவிட்டு, பேய் என்றால் உண்மையில் என்ன என்று ஆரம்பித்திருந்தாள்.

“அம்மா தாயே, அதையெல்லாம் பரீட்சையில எழுது. எங்களுக்குப் பேயை விடு,” என்றாள் ஜெயக்கொடி.

“நாளையிலேர்ந்து சீரியலே பாத்துக்கலாம்க்கா.” எஸ்தர் ஃபோனை எடுத்துவிட்டாள்.

கதை சொல்கிறவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சரி. கேளுங்க.”

ஒரு வீடு. மாடி வீடு. புது பெயின்ட். புருஷன், பெண்டாட்டி.

அவன் அடிப்பதில்லை. சத்தம் போடுவதில்லை.

அவள் வேலையிலிருந்து தாமதமாக வந்தால், அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எதிரே உட்காருவான். ஏன் என்று கேட்கமாட்டான். சிரிப்பான்.

அவளாகவே சொல்லத் தொடங்குவாள்.

சொல்லி முடித்ததும், மறுபடி முதலிலிருந்து சொல்லு என்பான்.

“அப்புறம்?” என்றாள் ஜெயக்கொடி.

“அப்புறம் ஒண்ணுமில்ல. விடியும். அவ வேலைக்குப் போவா.”

“பேய்?”

“வராது.”

“தூ. இதெல்லாம் ஒரு கதைன்னு.” ஜெயக்கொடி பட்டாணிப் பொட்டலத்தைக் கசக்கி ஜன்னல் வழியே எறிந்தாள்.

எஸ்தர் ஃபோனைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

“இதை யாருக்கா உங்ககிட்ட சொன்னது?”

“யாரும் சொல்லல. நானே கட்டிவிட்டதுதான்.”

எஸ்தர் தலையாட்டினாள். கொஞ்சம் அதிக நேரம் ஆட்டினாள்.

தாம்பரத்தில் கூட்டம் இறங்கியது. அடுத்து பெருங்களத்தூர்.

எஸ்தர் இறங்கும் இடம். அவள் வெளியே போவதற்காக ஜெயக்கொடி முழங்காலை ஒதுக்கி வழிவிட்டாள்.

எஸ்தர் எழுந்திருக்கவில்லை.

“ஏய், உன் ஸ்டேஷன்டி.”

வண்டி கிளம்பிவிட்டது. ஜெயக்கொடி முழங்காலை இன்னும் ஒதுக்கியே வைத்திருந்தாள்.