மாஷிமா வீட்டுப் பூட்டு

எதிர் ஃப்ளாட் மாஷிமா வீட்டுப் பூட்டை என் வீட்டுக்காரர் நான்காவது முறையாக இழுத்துப் பார்த்தார்.

இழுத்தால் திறந்துகொள்ள அது என்ன எங்கள் வீட்டு அலமாரியா?

மணி பதினொன்றே கால். பன்னிரண்டுக்கு கல்கத்தா டல்ஹௌசியில் மீட்டிங். பம்பாயிலிருந்து வந்திருக்கும் கம்பெனிக்காரர்கள் மத்தியான ஃப்ளைட்டில் திரும்பிவிடுவார்கள். இவருடைய விமானமோ பூட்டிய வீட்டுக்குள் இருந்தது.

நிஜ விமானம் இல்லை. முழ நீளத்துக்கு மரத்தில் செய்த மாடல், கூடவே ஒரு கட்டு வரைபடம். நின்ற இடத்திலிருந்து நேராக மேலே ஏறும். ஓடுபாதை வேண்டாம், பெரிய மொட்டைமாடி ஒன்று போதும். கல்கத்தாவிலிருந்து ஜாம்ஷெட்பூருக்கு முக்கால் மணி. பதினோரு வருஷமாக வீட்டில் இதே பேச்சு.

இன்று வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம். அதில் கிளம்பக்கூடாதே என்று காலையிலேயே மாடல் இருந்த பெட்டியை வங்காளி மாமியான மாஷிமாவிடம் கொண்டுபோய் வைத்தது நான்தான். பெட்டி நல்ல நேரத்தில் வாசலைத் தாண்டிவிட்டால் ஆளும் கிளம்பியதாகக் கணக்கு. எங்களவர்கள் அதைப் பரஸ்தானம் என்பார்கள்.

"உன் பரஸ்தானத்துல இடி விழ. எங்கடி போனா அந்த மாஷிமா?"

"டாக்குரியால பொண்ணு ஆத்துக்கு. சாயங்காலம்தான் வருவா."

படியில் இறங்கினார், ஏறினார். டையைத் தளர்த்தினார், மறுபடி இறுக்கினார்.

போன வருஷம் ஒரு கம்பெனியில் இவர் பேசி முடிப்பதற்குள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பஸ் நகரவே வழியில்லாத ஊரில் பறக்கிற பஸ்ஸா என்று கேட்டார்களாம். இரண்டு மாதம் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. சாதத்தைப் பிசைந்து நான்தான் ஊட்டினேன்.

இன்னொரு தடவை அதைப் பார்க்க என்னால் ஆகாது.

வெறுங்கையோடு போய் வாயாலேயே சொல்லிக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டார். நட்டநடு ராகுகாலத்தில்.

பால்கனிக்கு ஓடினேன்.

கீழே டாக்சிக்கு நின்றவர் சும்மா நிற்கவில்லை. இடது உள்ளங்கையை மொட்டைமாடி போல நீட்டி, வலது கையை அதன்மேலிருந்து மெல்ல மெல்லத் தூக்கினார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் கெட்டிலும் கையுமாக வேடிக்கை பார்த்தார்.

இதோ சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

சிரிக்கவில்லை. அந்தக் கை போன வழியே தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தார்.

மஞ்சள் டாக்சி ஒன்று வந்து நின்றது. இவர் கதவைத் திறந்தார்.

"சித்த இருங்கோ" என்று கத்திக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். காலையில் டாக்குரியா கிளம்பும்போது மாஷிமா என்னிடம் கொடுத்துவிட்டுப் போன சாவி அதில்தான் இருந்தது.